அபவுட் கன்ஃபிக் பாயிரம்: மட்டாஞ்சேரித் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம் சொல்லாமல் நூலுக்குள் நுழைவது நம் மரபில் இல்லை. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரின் முகவரிப் பட்டையில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘கன்ஃபிக்’ என்று இடைவெளியில்லாமல் தட்டினால் திறக்கும் நூலுக்கு, பல ஆயிரம் வரிகள் இருந்தும், இன்றுவரை பாயிரம் இல்லை. வாசலில் இருப்பது எச்சரிக்கை மட்டுமே. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்த எட்டு உறுப்புகளும் இங்கே அளவுகோல். ஆய்வுக்களம் கொச்சி மட்டாஞ்சேரியும் அதன் சுற்றுவட்டாரமும். தகவலாளிகள், ‘நான் ஒண்ணும் தொடலை’ என்று வாக்குமூலம் தந்தவர்கள் அனைவரும்.

ஆக்கியோன்

இந்நூலை ஒருவர் செய்யவில்லை. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் பிரௌசரின் மூலநிரலை ஊருக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து கிளைத்த மொசில்லா மரபினர் 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0-ஐ வெளியிட்டனர். அதற்கு முன்பே ஃபீனிக்ஸ், ஃபயர்பேர்ட் என இரண்டு பெயர் சூட்டி, அவற்றை வேறு மென்பொருள்காரர்கள் ஏற்கெனவே வைத்திருந்ததால் கைவிட்டார்கள். 2020 முதல் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு. ஆகவே மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று அறிஞர்கள் மோதிக்கொள்ள இங்கே இடமில்லை. நூல் முழுவதுமே இடைச்செருகல்தான்.

வழி

முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்று. மென்பொருளோடு வரும் இயல்பு மதிப்புகள் முதனூல். நாம் கைவைத்த வரிகள் ‘பிரெஃப்ஸ்.ஜேஎஸ்’ என்னும் கோப்பில் சேரும், அது வழிநூல். ‘யூசர்.ஜேஎஸ்’ என்பது சார்புநூல். அது தானாகப் பிறக்காது. வேண்டுவோர் தாமே எழுதித் தம் புரொஃபைல் ஃபோல்டரில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் பிரௌசர் எழும்போதெல்லாம் அதைப் படித்து, மற்ற இரண்டும் சொல்வதைத் தள்ளிவிட்டு அது சொல்வதையே கேட்கும். பின்னால் வந்த நூல் முன்னால் வந்ததை ஓரங்கட்டுவதா என்று அதிர வேண்டாம். நன்னூல் வந்தபின் எத்தனை திண்ணைப் பள்ளிகளில் தொல்காப்பியம் ஒலித்தது?

குரோம் பிரௌசரில் ‘ஃபிளாக்ஸ்’ என்றொரு நூல் உண்டு. அது சோதனைக் குறிப்பேடு. இன்றிருக்கும் வரி அடுத்த பதிப்பில் இராது. புறச்சமய நூலாதலின் பெயரளவில் நிறுத்தினோம்.

எல்லை

நூலின் எல்லை உலகம். ஆய்வின் எல்லை மட்டாஞ்சேரி டச்சு அரண்மனையில் தொடங்கி, யூதத் தெரு, குஜராத்தி ரோடு வழியாக ஃபோர்ட் கொச்சி வேளியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கும் தோபி கானா வரை. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எல்லாம் இந்தச் சிறு வட்டத்துக்குள் புழங்குவதால், ‘அவரவர் விருப்பம்’ என்னும் கோட்பாட்டை ஆராய இதைவிட நல்ல களம் இல்லை.

அதற்குக் கல்லிலேயே சான்றுண்டு. 1568-இல் எழுந்த பரதேசி யூதக் கோயிலை அடுத்து ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. டச்சுக் கம்பெனியோடு பெருவணிகம் செய்த எசக்கியேல் ரஹாபி 1760-இல் கட்டியது. அதன் முகப்புகளில் ஒன்றில் எபிரேய எண், ஒன்றில் ரோமன் எண், ஒன்றில் மலையாள எண். ஃபயர்ஃபாக்ஸ் பிறப்பதற்கு 244 ஆண்டு முன்னரே பயனர் விருப்பம் இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. முகப்பு மாறினாலும் காட்டும் நேரம் ஒன்றே. முகம் அவரவர் விருப்பம், நேரம் பொது: இதை ‘ரஹாபி விதி’ என்போம். பின்னால் தேவைப்படும்.

நூற்பெயர்

மேலே தட்டிக் காட்டினோம். விரிப்பின் பெருகும்.

யாப்பு

மூவகை அடிகளால் ஆனது. ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் அடி ஒன்று; எண் கொள்ளும் அடி ஒன்று; எழுத்துச் சரம் கொள்ளும் அடி ஒன்று. நாம் மாற்றிய வரி தடித்த எழுத்தில் நிற்கும். பக்கத்தில் ஒரு வளைந்த அம்புக்குறி தோன்றும். அதைத் தட்டினால் வரி முதனூலுக்குத் திரும்பும்.

வீடியோ தானாக ஓடுவதை ஆளும் அடியில் ஒரு சிக்கல் உண்டு. 0 என்றால் எல்லாம் ஓடலாம். 1 என்றால் சத்தம் போடுபவை கூடாது. 5 என்றால் எதுவுமே கூடாது. இடையிலுள்ள எண்கள் எங்கே? கடல்கோளில் போயின என்றும், குமரிக்கண்டத்தை அகழ்ந்தால் கிடைக்கும் என்றும் சொல்ல நம்மிடையே ஆளுண்டு. ‘கேட்டுச் செய்’ என்னும் பொருளில் 2 முன்பு வழங்கிப் பின் வழக்கொழிந்தது என்பதே நிரல் தரும் சான்று. மற்ற இரண்டுக்கும் வேண்டுமானால் கடலைத் தோண்டலாம்.

வாசல் எச்சரிக்கையும் யாப்பில் அடங்கும். பழைய பதிப்புகளில் ‘இது உங்கள் உத்தரவாதத்தை ரத்தாக்கக்கூடும்’ என்று பலகை இருந்தது. ‘கவனமாக இருப்பேன், சத்தியம்’ என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டே உள்ளே போக வேண்டும். மொசில்லா பொது உரிமமோ எந்த உத்தரவாதமும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. கொடுக்காததை ரத்துசெய்யும் இந்த உத்தி சீட்டுக் கம்பெனிக்காரர்களுக்குக்கூடத் தோன்றியதில்லை. இப்போதைய பலகை அபாயத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்வதோடு நிற்கிறது. அந்த எச்சரிக்கையை இனிக் காட்டாதே என்று சொல்லும் வரியும் உள்ளேதான் இருக்கிறது. எச்சரிக்கையைத் தாண்டியவருக்கே அதை அணைக்கும் தகுதி.

நுதலிய பொருள்

எல்லா வரிக்கும் உரை எழுத ஆயுள் போதாது. மூன்று காண்போம்.

முதலாவது பேக்ஸ்பேஸ். 0 என்றால் முந்தைய பக்கத்துக்குப் போ. 1 என்றால் பக்கத்தை மேலே உருட்டு. 2 என்றால் சும்மா இரு. 2021 மார்ச்சில் வந்த 87-ஆம் பதிப்பிலிருந்து சும்மா இருப்பதே இயல்பு. அதற்கு முன், ஸ்காலர்ஷிப் படிவத்தில் அப்பா பெயரில் ஓர் எழுத்தை அழிக்கப் போய், கர்சர் பெட்டிக்கு வெளியே நின்ற பாவத்துக்காக முழுப் படிவத்தையும் பறிகொடுத்தவர்கள் பலர். பழைய ஆபத்தே வேண்டும் என்பவர் 0 இடுக.

இரண்டாவது எழுத்துரு. ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனி வரி உண்டு. மலையாளத்துக்கு ‘எக்ஸ்-எம்எல்ஒய்எம்’ என்றும் குஜராத்திக்கு ‘எக்ஸ்-ஜியூஜேஆர்’ என்றும் சுருக்கம். தமிழோ ‘எக்ஸ்-தமிழ்’ என்று முழுப்பெயரோடு நிற்கிறது. இதை மட்டாஞ்சேரி டீக்கடையில் பெருமையாகச் சொன்ன ஆய்வாளருக்குச் சாயா தாமதமாக வந்தது.

மூன்றாவதே தலையாயது: கைரேகைத் தடுப்பு. நம் பிரௌசரின் அங்க அடையாளங்களைச் சேர்த்து நம்மை இன்னாரென்று தளங்கள் அறியாமல் காப்பது. ஆள் தெரியாமல் இணையத்தில் உலவ உதவும் டோர் பிரௌசரில் வளர்ந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தது. ‘ஆம்’ என்று இட்டால் பிரௌசர் தன் நேரவலயத்தை மறைத்து உலகப் பொதுநேரத்தைச் சொல்லும். கொச்சியில் பகல் பன்னிரண்டு; தளத்துக்குக் காலை ஆறரை. ரஹாபி விதி இங்கே தலைகீழாகிறது. முகத்தை விட்டுவிட்டு நேரத்தையே மாற்றிவிட்டோம். இதன் விளைவு ஒரு சலவைக்காரர் வீட்டில் பதிவானது. மருமகனுக்குப் பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ.

“மாமா, நாலரைக்கே லிங்க்கைத் திறந்து உக்காந்திருக்கேன். ஒருத்தரையும் காணோம்.”

“நீ எதையாவது தொட்டியாடா?”

“ஒண்ணும் தொடலை மாமா.”

கேட்போர்

மாணாக்கரை நன்னூல் அன்னம், கிளி, ஆடு, எருமை என்றெல்லாம் தரம் பிரிக்கும். அதுவே இங்கும் பொருந்துகிறது. யாரோ எழுதிய யூசர்.ஜேஎஸ் கோப்பை அப்படியே இறக்கி வைப்பவர் கிளி. ஒரு வரியில் ஒரு வாய், அடுத்த வரியில் ஒரு வாய் என்று மேய்பவர் ஆடு. எல்லாவற்றையும் கலக்கிவிட்டுப் பிரௌசரைத் திட்டுபவர் எருமை. வேண்டியதை மட்டும் மாற்றி, மாற்றியதை நினைவில் வைத்திருப்பவர் அன்னம். களத்தில் அன்னம் அகப்படவில்லை.

பயன்

பயன் எதிர்மாறாக அமைந்ததே இவ்வாய்வின் அதிர்ச்சி. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி 2010-இல் 470,161 பிரௌசர் பதிவுகளை ஆராய்ந்தார். எழுத்துருப் பட்டியல், நேரவலயம், திரையளவு போன்ற சாதாரணச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்ததற்கே 83.6 விழுக்காடு பிரௌசர்கள் வேறெதனோடும் ஒவ்வாமல் தனித்து நின்றன.

பேக்ஸ்பேஸ் வரியைத் தளங்கள் அறியமாட்டா. அதை மாற்றினால் குற்றமில்லை. மொழி வரிசை, நேரவலயம், நாம் முடக்கிய வசதிகள் ஆகியவை வெளியே தெரிபவை. தமிழ் முதலில், மலையாளம் அடுத்து, குஜராத்தி மூன்றாவது என்று மொழி வரிசை வைத்து, பாதி வசதிகளை அணைத்து, நேரத்தையும் மறைத்துவிட்டு, தம்மை யாரும் அறியமாட்டார் என்று நிம்மதியாக இருக்கிறார் ஒருவர். வேட்டிக் குவியலில் எல்லாம் ஒரே வெள்ளை. மூலையில் சலவைக் குறி விழுந்தது மட்டும் தப்பாமல் தன் வீடு போய்ச் சேரும். நாம் ஒளிந்துகொள்ளப் போட்ட ஒவ்வொரு முடிச்சும் அப்படி ஒரு குறி. டோர் திட்டத்தார் தம் பிரௌசரின் அமைப்புகளைத் திருத்தாதீர்கள், நீட்சிகளைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் இதனால்தான். கூட்டத்தோடு ஒன்றாக இருப்பதே அங்கே முகமூடி. கைரேகைத் தடுப்பு வரி அந்தக் கூட்டத்துக்குள் நின்றால் காக்கும். தனியாளாக ஃபயர்ஃபாக்ஸில் ஏற்றுபவரைச் சிறு கும்பலில் ஒருவராகக் காட்டிக்கொடுக்கும்.

எனவே தீர்ப்பு: கண்ணுக்கும் கைக்கும் இதம் தருவனவற்றை மாற்றுக, ஒளிந்துகொள்ளவென்று மாற்றுமுன் இருமுறை யோசிக்க. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நூலைத் திறந்து, மாற்றிய வரிகளை மட்டும் காட்டும் கட்டத்தில் ஒரு டிக் போடுங்கள். ஒவ்வொரு வரியையும் பார்த்து இதை ஏன் மாற்றினேன் என்று உங்களையே கேளுங்கள். விடை வராத வரிக்கெல்லாம் அந்த வளைந்த அம்புக்குறியை அழுத்துங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத வரிகளும் சில இருக்கும். பிரௌசர் தானே எழுதிக்கொண்டவை. அவற்றைப் பொறுத்தவரை மட்டும் ‘நான் ஒண்ணும் தொடலை’ என்பது உண்மை. அவற்றைத் தொட வேண்டாம்.