டிராக்டரை மேட்டில் நிறுத்தும் சாஸ்திரம்

வயதான சிறு டிராக்டரை இரவில் எங்கே நிறுத்துவது என்னும் விஷயம், சாமானியக் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றினும், பூமியின் ஆகர்ஷண சக்தியும் பேட்டரியின் ஆயுளும் உடையவரின் கைப்பொருளும் ஒருங்கே சந்திக்கும் ஸ்தானமாதலால், முறைப்படி விசாரிக்கத் தக்கது.

முதலில் சரித்திரம். ஹாரி ஃபெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரர் வடிவமைத்து, 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டரில், கியர்த் தண்டை நியூட்ரலிலிருந்து ‘எஸ்’ என்ற குறிக்குத் தள்ளினாலன்றி ஸ்டார்ட்டர் சுழலாது; கியரில் கிடக்கும் வண்டி கிளம்பலாகாது என்பது அப்பெரியாரின் கோட்பாடு. அவ்வம்சத்தில் வந்த மாஸி ஃபெர்குசன் வண்டிகளை, 1960-இல் சென்னையில் ஸ்தாபிதமான டாஃபே நிறுவனம் நம் கிராமங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நம்மவர்களோ, அவை முதுமை எய்தியபின், கியரில் போட்டே கிளப்பி, மூலகர்த்தாவின் கோட்பாட்டைத் தலைகீழாக்கினர்.

இதன் காரணம் எளிது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. அமுக்குண்ட காற்றின் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே பழைய வண்டிக்கு பேட்டரியின் பிரதான உபகாரம் செல்ஃப் எடுக்கும் க்ஷணத்தோடு முடிகிறது. அந்த ஒரு க்ஷணத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய் அழுவது தகுமா என்று உடையவர் சிந்திக்கத் தொடங்கும் நாளில் இச்சாஸ்திரம் ஜனிக்கிறது.

பிரயோகமாவது: கிளட்சை மிதித்து, ஹை கியரில் போட்டு, பிரேக்கை விட்டு, சரிவில் வேகம் பிடித்ததும் கிளட்சை விடுதல். தாழ்ந்த கியர் ஆகாது. எஞ்சினைச் சுழற்ற மாட்டாமல் பின்சக்கரம் மண்ணில் இழுபடும்.

தேச பேதமும் உண்டு. கொங்கு நாட்டு மேட்டுநிலங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. காவிரி டெல்டாவிலோ வாய்க்கால் பாலத்தின் ஏற்றமே கதி. ஒரு பாலமும் இரு பழைய வண்டிகளும் உள்ள ஊரில், மாலையில் முதலில் திரும்புகிறவருக்கே மறுநாள் உழவு உறுதி.

புதிய பேட்டரி வாங்கினால் தீராதா என்பது பூர்வபட்சம். பேட்டரி புதிதானால் செல்ஃப் மோட்டாரின் பழுது வெளிப்படும். அதைச் சீர் செய்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து அமுக்கம் குறைந்தது புலப்படும். இம்மூன்று குறைகளையும் ஊரறியாமல் காப்பது மேடு ஒன்றே என்பது சித்தாந்தம். வயல் நடுவே டீசல் குழாயில் ஏர் (காற்று) வாங்கி நின்றுபோன வண்டியைப் பற்றி மட்டும் இச்சாஸ்திரம் மௌனம் சாதிக்கிறது. அங்கே ஏர் எடுக்க மெக்கானிக்கும், சங்கிலி கட்டி இழுக்க அண்டை வயற்காரரின் தயவுமே சரணம்.

ஆகையால், பழைய டிராக்டர் வாங்கப் போகும் அன்பர்கள், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் வண்டி நிற்கும் தரையைப் பார்ப்பாராக. அது மேடாயிருப்பின், பேட்டரியின் கிரயத்தைக் கழித்துக்கொண்டே விலை பேசுவாராக.