கோழிக்குத் தெரிஞ்ச கணக்கு

வாடா பேராண்டி, செத்த குந்து. புழு வளக்க ட்ரெயினிங் எடுத்துட்டு வந்திருக்கியாமே? உங்கப்பன் மாடு விக்கிறான், நீ புழு விக்கப் போற. குடும்பம் தலையெடுக்குதுன்னு ஊரே பேசிக்குது.

"பூச்சியிலதான் புரோட்டீன் இருக்கு தாத்தா"ன்னு நீ பாடம் எடுத்தப்ப, நம்ம பெட்டைக்கோழி தலையைச் சாச்சு உன்னையே பாத்துது, கவனிச்சியா? உங்க ஆயா பழம்பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, மக்கின கட்டை எல்லாம் திணிச்சு, தண்ணி தெளிச்சு, பொழுது சாயக் கொல்லையில கவுத்து வைப்பா. விடிஞ்சு தூக்கினா உள்ள கரையான் வெள்ளையா மொய்க்கும். குஞ்சுங்க ஒண்ணையொண்ணு மிதிச்சுகிட்டு ஓடியாரும். அவ சர்டிபிகேட்டெல்லாம் வாங்கல.

ஐரோப்பாக்காரன் பூச்சிப் புரதத்தை 2017-ல மீன் பண்ணைக்கு அனுமதிச்சான்; கோழிக்கும் பன்னிக்கும் 2021-லதான். நம்ம கோழிக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரல. அது பாட்டுக்குக் கொத்துது.

இருந்தாலும் நீ சொல்ற கருப்பு ஈ, அதான் பிளாக் சோல்ஜர் ஃப்ளை, கெட்டிக்காரப் பய. வளந்த ஈ நம்ம சோத்துல வந்து குந்தாது, கடிக்காது. கல்யாணம் பண்ணும், ஐந்நூறு முட்டை கிட்ட வைக்கும், செத்துப்போவும். புழு ரெண்டு மூணு வாரம் அழுகலைத் தின்னு கொழுக்கும். கருத்ததும் தானா சரிவுல ஏறி வாளியில வந்து விழும். இவ்வளவு சொல்பேச்சு கேக்குற புள்ள நம்ம வீட்டுல எது? காய வச்சா நூத்துக்கு 40 பங்கு கிட்ட புரதம். தீவனத்துல சேக்குற மீன் தூள் ஒரு கிலோவுக்கு நாலஞ்சு கிலோ பச்சை மீன் போவுதுடா. நாம கொழம்பு வைக்க வேண்டிய மத்தியைக் கிள்ளைப் பக்கத்து எறாப் பண்ணைக்குத் தூளாக்கிப் போடுறதைவிட இது மேல்.

ஆனா ஆழம் பாத்துக் காலை வையி. பிரான்சுல இன்செக்ட்னு ஒரு பெரிய பூச்சி வளக்குற கம்பெனி, கோடி கோடியா முதலீடு வாங்கி, 2024-ல காசு இல்லாம கோர்ட்டு வாசல்ல நின்னுது. நீ உங்கப்பன் மாட்டை வித்துட்டு எந்த வாசல்ல நிப்ப?

பண்ருட்டியில பலா சீசன்ல கொட்டுற சக்கை, சிதம்பரம் மார்க்கெட்டு அழுகல் காய், இதெல்லாம் ஓசி. அதைப் போட்டு வள. ஓசிதானேன்னு சிப்காட் பக்கத்துச் சேத்தை மட்டும் அள்ளியாந்துடாத. கேட்மியம் மாதிரி சமாச்சாரம் புழு உடம்புல தங்கி, கோழிக்குப் போயி, கடைசியில உன் தட்டுக்கே திரும்பி வரும்.

மொதல்ல ஒரே ஒரு தொட்டி போடு. நம்ம கோழிக்குப் போக மிச்சம் விழுந்தா ரெண்டாவது தொட்டி. போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் அதுக்கப்புறம். மீன் தூளைவிட ஒரு ரூபாயாவது மலிவாக் குடுக்க முடியலன்னா, உன் புழுவுல எவ்வளவு புரோட்டீன் இருந்தாலும் ஒருத்தனும் வாங்க மாட்டான்.