பாடி மட்டும் கொஞ்சம் பார்க்கணும்

சென்னைக் கடற்காற்றில் பல வருஷம் சும்மா நின்ற ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் துருப்பிடிக்காத பாகங்கள் இரண்டுதான்: கண்ணாடி, டயர். மற்றதெல்லாம் இரும்பு, அல்லது முன்னொரு காலத்தில் இரும்பு. எனக்கு விற்றவர் இதை நாசூக்காகச் சொன்னார்: "எஞ்சின் தங்கம் சார். பாடி மட்டும் கொஞ்சம் பார்க்கணும்."

ஹெரால்டு பிறந்ததே துண்டு துண்டாகத்தான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்துவந்த கம்பெனியை, போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிப்போட்டுவிட்டது. முழு பாடி செய்துதர ஆளில்லை. சரி, தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் ஆங்காங்கே செய்த பகுதிகளை போல்ட் போட்டு முறுக்கிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி அழகாக வரைந்துகொடுத்தார். 1959இல் அங்கே வந்த வண்டி, 1961 முதல் நம் சென்னைப் புறநகரிலேயே தயாரானது. இதில் பானெட்டை மட்டும் தனியாகத் திறக்க முடியாது. மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் முன்பாதி முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பார்க்கலாம்.

"போல்ட்டைக் கழற்றினால் பாடி வந்துவிடும், சுலபமான வண்டி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கழற்றப் போனால் போல்ட்டின் தலை மட்டும் ஸ்பானரோடு வந்தது. சில இடங்களில் போல்ட் பத்திரமாக இருந்தது. அது பிடித்துக்கொண்டிருந்த தகடுதான் இல்லை.

டிங்கர் பட்டறை மாஸ்டர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "வுட்டுட்டுப் போ சார். ஆள் இல்ல. எப்ப முடியும்னு மட்டும் கேக்காத" என்றார். கூடமாட நின்று உதவினால் சீக்கிரம் முடியுமா என்று கேட்டேன். அன்றே வேலையில் சேர்ந்துவிட்டேன். பதவி: உதவிப் பையனுக்கு உதவியாள். பையனுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பணிஓய்வு ஆகிவிட்டது.

முதல் பாடம் கேஸ் வெல்டிங் சிலிண்டர். கறுப்பு ஆக்சிஜன், அரக்கு நிறம் அசிட்டிலீன். வேடிக்கை பார்க்க வந்த என் மைத்துனர் மெக்கானிக்கல் இன்ஜினியர். அசிட்டிலீன் ரெகுலேட்டரைக் கழற்றித் தருகிறேன் என்று ஸ்பானரை வாங்கி, முகம் சிவக்க முறுக்கினார். நட்டு அசையவில்லை. இரண்டு வாயுவின் குழாய்களும் மாறிவிடக் கூடாது என்பதற்காக அசிட்டிலீன் பக்கம் மட்டும் மறை இடப்பக்கமாக ஓடும். அடையாளத்துக்கு நட்டில் ஒரு வெட்டுகூட இருக்கும். அவ்வளவு நேரமும் அவர் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தார். பையன் வந்து மறுபக்கம் திருப்பிக் கழற்றிவிட்டு, மரியாதை கருதி வேறு பக்கம் பார்த்துச் சிரித்தான். மைத்துனர் அப்புறம் பட்டறைப் பக்கம் வரவில்லை.

அடுத்தது சுடர். அசிட்டிலீன் கூடினால் மஞ்சளாகக் கரி கக்கும். ஆக்சிஜன் கூடினால் சீறிக்கொண்டு தகட்டையே எரிக்கும். இரண்டும் சமமானால் நடுவில் தெளிவாக ஒரு சின்ன நீலக் கூம்பு நிற்கும். அதன் சூடு 3,000 டிகிரிக்கு மேல். இரும்பு உருகச் சுமார் 1,500 போதும். கார்த் தகடோ ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆக, ஓட்டையை அடைக்கப் போகிறவர் ஒரு விநாடி அசந்தால் ஓட்டை பெரிதாகும். பெரிதான ஓட்டைக்குப் பெரிய ஒட்டு. அதன் ஓரம் துரு. அதை வெட்டினால் இன்னும் பெரிய ஓட்டை. பாதி நாள் கழிவது வெல்டிங்கில் அல்ல, நல்ல தகரம் எங்கே தொடங்குகிறது என்று தேடுவதில்.

எனக்கு முன்னால் பலர் தேடியிருக்கிறார்கள். தரைத் தகட்டைச் சுரண்டச் சுரண்ட ஒட்டின்மேல் ஒட்டாக வந்தது, கீழடி அகழாய்வுக் குழியைப் போல. கடைசி அடுக்கில் ஒரு வனஸ்பதி டின்னை வெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளீயப் பூச்சின் புண்ணியத்தில் அச்செழுத்துகூட அழியவில்லை. துருப்பிடிக்காத பாகங்கள் மூன்று என்று திருத்திக்கொள்க.

பக்கத்து வீட்டுக்காரர், மாடிக் கூரை போட்டதில் மிஞ்சிய ஜி.ஐ. ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாஸ்டர் தொடவிடவில்லை. அதில் இருக்கிற துத்தநாகம் புகைந்து மூக்கில் ஏறினால் ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். "கூரைக்கு வாங்கினத கூரைக்கே போடு சார்." பட்டறை எதிரே கேட், கிரில் செய்கிறவர் அவர் பங்குக்கு, "நான் ராடு வெல்டிங்ல அஞ்சு நிமிஷத்துல புடிச்சிக் குடுக்கறேன்" என்றார். கேட் கம்பிக்கு வைக்கிற சூட்டைக் கார்த் தகட்டுக்கு வைத்தால் மிஞ்சுவது சல்லடை.

ஒரே கோடாக வெல்டிங் இழுக்கவும் கூடாது. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் ஆறவிட்டு மறுபடி ஒன்று. அவசரப்பட்டால் தகடு சூட்டில் விரிந்து நெளியும். விரிந்த இடத்தை விரலால் அமுக்கினால் 'டொப்' என்று உள்ளே போகும், விட்டால் 'டொப்' என்று வெளியே வரும். அதற்கும் வைத்தியம் சூடுதான். காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சினால், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதைப் பரவவிடாமல் நெருக்கும். அடியில் டோலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து மேலே சுத்தியால் தட்டி, ஈரச் சாக்கை வைத்தால் அந்த இடம் சுருங்கி இழுத்துக்கொள்ளும். மாஸ்டர் இதைக் கண்ணால் பார்ப்பதில்லை. திரும்பி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, நான் தட்டுகிற சத்தத்தை வைத்து, "டோலி மேல விழல, பக்கத்துல விழுது" என்பார்.

வீட்டில் வேறு விதமான ஏற்பாடு. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரி மணலை அள்ளிப் போட்டது மாதிரி உறுத்தும் என்று யாரோ சொல்லிவைக்க, என் மனைவி உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கித் தயாராக வைத்திருந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வேலை செய்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் பொரியல்தான்.

கடைசிக் கட்டம் பட்டி. நான் ஆசையோடு எதிர்பார்த்தது இதைத்தான். அழகாகப் பூசி, எமரித் தாளில் தேய்த்தால் எல்லாம் மறைந்துவிடும் அல்லவா? மாஸ்டர் டப்பாவைத் தரவில்லை. ஒரு காந்தத்தைத் தந்தார். பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது. "பட்டிய எவன் வேணா பூசுவான். பூசாம எவ்ளோ தூரம் கொண்டாற முடியும்னு பாரு." காந்தத்தோடு மறுபடி சுத்தியலுக்குப் போனேன். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் நிற்கிற பளபளப்பான பழைய கார்களின் பக்கம் என்னை யாரும் விடுவதில்லை. சட்டைப்பையில் காந்தம் இருப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வேலை முடிகிற சமயத்தில் பதிவு விவகாரம் வந்தது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். நிபந்தனையைப் படித்ததும் எனக்கு வியர்த்தது. வண்டி ஆதி வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது.

மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதுல இன்னா சார் தப்பு? வேலை நடந்ததே தெரியக்கூடாதுன்னுதான இவ்ளோ நாளா நானும் கத்தினு கிடக்கறேன்?"