டிவிப் பெட்டியின் உச்சியில் சில்லறை: மேற்குப் புறநகர் அகழாய்வுக் குறிப்பு

1863-ல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அன்று தொடங்கிய கற்கால ஆய்வுத் துறை அத்திரம்பாக்கம் வரை போய், மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டிக் காலம் கணிக்கிறது. அதே முறையைச் சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளின் டிவிப் பெட்டி உச்சிக்கு யாரும் பொருத்திப் பார்க்காதது வியப்பே. இங்கே மண்வெட்டிகூட வேண்டாம், ஸ்டூல் போதும்.

ஷட்டர் வைத்த சாலிடேர், டயனோரா பெட்டிகளின் காலத்தை முதல் அடுக்கு எனலாம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. பெட்டி நம் கூடத்துக்கு வந்து சேர இன்னும் சில பொங்கல் ஆயிற்று. வந்ததும் முதல் வேலை, அதன் தலையில் குரோஷா விரிப்பு போடுவது. விரிப்பின் முக்கோண நுனி திரைக்கு மேல் நெற்றிச்சுட்டிபோல் தொங்கும். அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பாட்டுக்கு பொம்மை ஆடியதை நடனம் என்போர் உண்டு. ஸ்பீக்கர் அதிர்வு என்பதே எம் முடிபு.

பொம்மையின் அடியில்தான் நாணயப் படிவு. பால்காரருக்கு எடுத்துவைத்த எட்டணா, பஸ்ஸில் மிஞ்சிய நாலணா எல்லாம் அங்கே ஒதுங்கும். சில காசுகள் பெட்டியின் காற்றுத் துளைக்குள் நழுவும். மெக்கானிக் பின்மூடியைக் கழற்றும்போது வீடே சூழ்ந்து நிற்கும். படம் ஏன் வரவில்லை என்பதைவிட, காசு எவ்வளவு தேறும் என்பதில்தான் பிள்ளைகளுக்கு அக்கறை.

2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். அதன் உச்சியில் பொம்மை, சில்லறை இரண்டுக்கும் சேர்த்து இடமில்லை. பெரும்பாலும் பொம்மையே வென்றது. நாலணாவோ 2011 ஜூன் 30-க்குப் பின் செல்லாக்காசாகி, படிவின் அடியில் புதைபொருள் தகுதி பெற்றது.

பிறகு வந்தது பேரழிவு: தட்டை டிவி. சுவரில் மாட்டப்பட்ட இதற்கு உச்சியே கிடையாது. பல்லிகூடத் தயங்கும் அந்த விளிம்பில் நாணயம் எங்கே நிற்கும்?

சரியாக இந்த வேளையில்தான் 10 ரூபாய் நாணயம் அடைக்கலம் தேடி வந்தது. 27 மில்லிமீட்டர் அகலம், 7.71 கிராம் எடை, வெளியே பொன்னிறம், நடுவே வெள்ளி நிறம். அழகில் குறையில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட் ஷேர் ஆட்டோவில் நீட்டினால், "நோட்டா குடுங்க சார், இது ஓடாது" என்பார்கள். மேலே 15 கோடு இருந்தால் போலி, 10 கோடு இருந்தால் அசல் என்றொரு புறநகர் நாணயவியல் இருந்தது. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்து, சந்தேகம் தீர்க்க 14440 என்ற எண்ணையும் தந்தது. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக் கடைக்காரர் அந்த எண்ணுக்குப் பேசிவிட்டா சில்லறை கொடுப்பார்?

மொய்க் கவரும் 10 ரூபாய் நாணயத்துக்குக் கதவடைத்துவிட்டது. கவரில் ஒட்டி வருவது எப்போதும் ஒரு ரூபாய்தான். அலங்காரமாகும் பேறு நாணய உலகில் அதற்கே. ஆக, 10 ரூபாய்க்கு எஞ்சியது டிவிக்குக் கீழே எல்இடி பட்டி ஒளிரும் பலகையும், அதிலுள்ள கண்ணாடிக் கிண்ணமும். விருந்தாளிகள் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள்.

படிவு ஃபிரிட்ஜ் தலைக்கு இடம்பெயர்ந்தது என்று வாதிடும் எதிர்க்கட்சியும் உண்டு. ஏற்பதற்கில்லை. அங்கே ஈ.பி. அட்டை, ரேஷன் கார்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, போன வருஷக் காலண்டர் எல்லாம் முன்பே பட்டா வாங்கிவிட்டன.