புத்தூர் பக்கந்தானே!

இங்கிலீஷ் மரபுத்தொடர்களை உருப்போட்டவர்கள் எங்கள் பக்கம் வந்து வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. பாலசமுத்திரம் சித்தூர் மாவட்டத்தின் ஓரம். பெயரில்தான் சமுத்திரம், பார்த்தால் மாந்தோப்பு. 1960 ஏப்ரல் 1 அன்று (தேதியை யார் குறித்தார்களோ!) திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குப் போயின; நாங்கள் ஆந்திராவிலேயே தங்கிவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. 'வேலி மேல் உட்காருவது' என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அண்ணன் மகள் பள்ளி நாடகத்தில் சீதை. கிளம்பும்போது, பெங்களூரிலிருந்து வந்திருந்த அவள் தாய்மாமன், "பிரேக் எ லெக்!" என்றார். மேடையேறுபவர்களுக்கு வெள்ளைக்காரன் சொல்லும் வாழ்த்து அது. என் அம்மாவுக்கு 'பிரேக்'கும் தெரியும், 'லெக்'கும் தெரியும்.

"நல்ல நாளும் அதுவுமா புள்ளைய காலை ஒடிச்சுக்கச் சொல்றியே தம்பி!" என்றவள், அடுத்த நொடியே சமாதானமானாள். "போவட்டும், புத்தூர் பக்கந்தானே!"

புத்தூர்க் கட்டு தெரியாத தமிழர் உண்டா? பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மேலே மூங்கில் பத்தை வைத்து இறுக்கித் துணி. வேட்டையாடிய முயலை இலையில் சுற்றி வைத்தபோது ஒடிந்த எலும்பு கூடியிருந்ததாம்; அதில் பிறந்த வைத்தியம் என்று அங்கே கதை சொல்வார்கள். சென்னையிலிருந்து வேன் பிடித்து வந்து, பச்சை முட்டை வாசனையோடு நொண்டி நொண்டி வெளியேறும் மனிதரிடம் அந்த வாழ்த்தைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த கட்டு உங்களுக்கு.

'ஹேர்கட்' இன்னும் மோசம். 2016-இல் திவால் சட்டம் வந்த பிறகு பேப்பரில் அடிக்கடி அடிபடுகிறது. வங்கி, கொடுத்த கடனில் பெரும்பங்கைத் தலைமுழுகுவதற்கு அந்தப் பெயர். திருமலை கல்யாணக்கட்டையில் தினமும் ஆயிரக்கணக்கான தலைகள் மழிக்கப்படுகின்றன. அந்த முடியை ஏலம் விட்டுத் தேவஸ்தானம் கோடிகளில் வரவு வைக்கிறது. இதைப் பார்த்து வளர்ந்தவனிடம் ஹேர்கட் என்றால் நஷ்டம் என்று சொன்னால் நம்புவானா?

நஷ்டத்துக்கு நம்மிடம் வேறு சரக்கு இருக்கிறது. ஏமாந்தவனுக்குப் பட்டை நாமம், போன பணத்துக்குக் கோவிந்தா. எல்லாம் பெருமாளிடம் கைமாற்று வாங்கியவை. அவரே குபேரனிடம் கடன்பட்டவர், கோபிக்க மாட்டார்.

எனக்குப் பிடித்தது 'திருப்பதி சவரம்'. வந்தவர் எழுந்து போய்விடாதபடி ஆளுக்கு ஒரு கீற்று மழித்து உட்காரவைத்துவிட்டு அடுத்த தலைக்குப் போவதாம். தெலுங்கில் அரைகுறை வேலைக்கெல்லாம் இதுதான் பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் ஜல்லி கொட்டியதோடு நிற்கும் ஒரு சாலையில் 'ஒர்க் இன் ப்ராக்ரஸ்' என்று பலகை நட்டிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட பெரியவருக்கு, கூட வந்த பேரன் தயங்காமல் மொழிபெயர்த்தான்: "திருப்பதி சவரம், தாத்தா."