பூனைக்கு ஏகாதசி ஆகாது

கேள்வி: எங்கள் பூனை இரண்டு நாளாகத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பசியெடுக்க டானிக் வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: டானிக்குக்கு முன் டாக்டர்! பூனை விரதம் இருக்கப் பிறந்த ஜீவன் அல்ல. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம்; குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பல்வலி, மூக்கடைப்பு, காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு என்று பசி போனதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் டானிக் ஊற்றினால், நோய்க்குத்தான் வாய்தா கிடைக்கும். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று தெரிந்தால், அதற்கான ஊசி நன்றாகவே உதவும்.

டாக்டரைப் பார்க்கும்வரை, முள் நீக்கிய மீனையோ கோழியையோ உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடும். சூடு மணத்தைக் கிளப்பும். வாயைப் பிளந்து திணிக்காதீர்கள், அந்த உணவையே வெறுத்துவிடும். நாம் போடும் பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடும். கூடையை எடுங்கள், இன்றே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்!