மௌஸ் பிடித்த கை

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் நம் தமிழர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி எதற்குப் போனாலும் ஒரு நகர்த்தல்காரராவது இருப்பார். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் இவரைச் சென்னையிலிருந்து இங்கே இழுத்து வந்தது. வந்த நாள் முதல் இவர் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறார். சோபா வடக்கே போகும், பிரிட்ஜ் ஹாலுக்கு வரும். சாமி படங்கள் மூன்று தடவை இடம் மாறிவிட்டன. சாமி பொறுத்துக்கொண்டது. குளோசெட் அப்படியா?

எங்கள் மூன்றாம் மாடிக்காரரின் பாத்ரூம் ஏழடிக்கு நாலடி. உட்கார்ந்தால் கதவு முழங்காலில் இடிக்கிறது என்பதுதான் புகார். லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து, குளோசெட்டைப் பிடித்து எதிர்ச்சுவர் வரை இழுத்து விட்டார். இரண்டு நொடி. "பாருங்க சார், முடிஞ்சுது!"

"பைப்?" என்றேன்.

"அது கூடவே வரும்."

மார்த்தாண்டத்திலிருந்து வந்த பிளம்பர் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. நேரே போய்த் தரையில் குந்தி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "சாரே, இது நாலிஞ்சு பைப்பாக்கும். அஞ்சடி தள்ளணும்னா ஒண்ணரை இஞ்சு சரிவு வேணும். அது குறைஞ்சா ஒண்ணும் போவாது."

"அப்ப சரிவை நல்லா அதிகமா குடுத்திடுங்க."

"கூடிப்போனா வெள்ளம் முந்தி ஓடிரும் சாரே. மத்தது அங்கயே இருந்துக்கிடும்."

தரைக்கு அடியில் கொண்டுபோகலாம். ஆனால் நம் தரைக்கு அடியில் இருப்பது இரண்டாம் மாடிச் சேட்டனின் கூரை. அனுமதி கேட்கப் போனோம். சாயா கொடுத்தார், மிக்சர் கொடுத்தார், ஊர் விசாரித்தார். பைப் பேச்சு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேலே ஒருமுறை பார்த்தார். "என்றெ தலைக்கு மீதெயோ? வேண்ட."

பிளம்பர் ஒரு வழி சொன்னார். "கதவை வெளியில திறக்கிற மாதிரி மாத்தி வைப்போமே? கீல் செலவுதான்."

எனக்கு அது அருள்வாக்காகப் பட்டது. நகர்த்தல்காரருக்கோ அவமானமாகிவிட்டது. "வாசல்ல நேஷனல் ஹைவேயையே ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல தூக்கித் தூண்மேல வச்சிருக்கான். நான் ஒரு குளோசெட்டை வைக்கக்கூடாதா?"

வைத்தார். பைப் தரைக்கு மேலேயே ஓடியது. திருப்பத்தில் செங்குத்தாக ஒரே முழங்கை போட்டால் அடைக்கும் என்று பிளம்பர் 45 டிகிரி பெண்டு இரண்டு போட்டார். அதையெல்லாம் மறைக்கப் பாதி பாத்ரூமுக்கு மேடை கட்டி டைல்ஸ் ஒட்டினார்கள். பதினொரு நாள் வேலை. அத்தனை நாளும் அந்தக் குடும்பம் காலையில் பல் துலக்காத முகத்தோடு எங்கள் வீட்டு மணியை அடித்தது.

திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார். இரண்டு படி ஏறினால் குளோசெட், கொலுவில் வைத்த மாதிரி. கதவு முழங்காலில் இடிக்கவில்லை. ஏறிக் காட்டினார், உட்கார்ந்து காட்டினார், பெருமையோடு எழுந்தார்.

'ணங்'கென்றது. தலைக்கு மேலே கீஸர்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார். பிளம்பர் சத்தமில்லாமல் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.